முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்



நிச்சயமற்ற காலத்தில் பொறுமையோடு கடவுளை நம்புவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யோபுவைக் கையோடு அழைத்து வருவார்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல. பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பழகிய வாசல் வழியாகத்தான் வேதத்துக்குள் நுழைய வரும். எரேமியாவின் புத்தகம் 32ஆம் அதிகாரத்தில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரப்படுத்தியதுவரை ஒவ்வொரு படியாகச் சொல்லும் இடம் வேதாகமத்தில் வேறு இல்லை. இன்று அந்தப் பத்திரத்தைத்தான் மேசைமேல் விரித்துவைக்கப் போகிறேன்.

முதலில் காலம். கி.மு. 588இன் தொடக்கத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வளைத்தது. அப்போது யூதாவை ஆண்ட சிதேக்கியாவுக்கு அது ஒன்பதாம் ஆட்சியாண்டு. பத்திரம் எழுதப்பட்டது பத்தாம் ஆண்டில். பதினோராம் ஆண்டில் மதில் உடைந்தது. சுற்றியிருந்த கோட்டை ஊர்கள் அதற்குள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. லாகீசும் அசெக்காவும்தான் மிச்சம் என்று எரேமியாவே ஓரிடத்தில் சொல்கிறார். 1935இல் லாகீஸ் கோட்டையைத் தோண்டியவர்களுக்கு மையால் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. அதிலொன்று காவல் பொறுப்பில் இருந்த ஒருவர் மேலதிகாரிக்கு எழுதியது. லாகீசின் தீக்குறிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா கண்ணுக்குத் தெரியவில்லை என்று அதில் இருக்கிறது. அசெக்கா அதற்குள் விழுந்துவிட்டதா, அன்றைக்குத் தீ மூட்டவில்லையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த மனிதருக்கும் அதே சந்தேகம்தான் இருந்திருக்கும்.

இனி வாங்குபவர். எரேமியா அரண்மனையின் காவல்முற்றத்தில் கைதியாக இருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதுதான் குற்றம். அப்பம் சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் அவருக்கு வரும். நகரத்தில் அப்பம் தீரும்வரை வந்தது என்று குறிப்பு இருக்கிறது. அந்த முற்றத்துக்கு அவருடைய சித்தப்பா பெரியப்பா வகையில் பங்காளியான அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உமக்குத்தான் என்கிறான். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்துச் சட்டம் அது. ஏழ்மையால் விற்கப்படும் நிலத்தை நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும்.

ஒரு சார்பதிவாளனின் கண்ணோடு பார்த்தால் இந்த வியாபாரத்தில் எல்லாமே இடிக்கிறது. ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஊர். அனாதா என்ற பெயரில் இன்றும் அங்கே ஓர் ஊர் உண்டு. நகரத்தை வளைத்திருக்கும் படைக்கு அதெல்லாம் பின்வாசல். நிலத்தின் சுவாதீனம் எதிரியின் கையில். வாங்குகிறவர் போய்ப் பார்க்கவே முடியாது. அவருக்கு மனைவி மக்களும் கிடையாது; திருமணம் வேண்டாம் என்று கர்த்தரே சொல்லியிருந்தார். ஆக வாரிசு என்று சொல்ல ஒருவரும் இல்லை. போதாக்குறைக்கு, ஆனதோத் ஊரார்தான் முன்பு இவரைக் கொல்லத் திட்டமிட்டவர்கள். கர்த்தரின் பெயரால் தீர்க்கதரிசனம் சொல்லாதே, சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று மிரட்டியவர்கள். விலை போகாத நிலத்தைச் சிறையில் இருக்கும் பங்காளியின் தலையில் கட்டப் பார்க்கிறான் அனாமெயேல். என் மேசைக்கு இப்படி ஒருவர் வந்திருந்தால், பெரியவரைத் தனியே கூப்பிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டிருப்பேன்.

எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி. நாணயம் புழங்காத காலம் என்பதால் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய எடையில் இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்திரத்தில் எழுதுகிறார், முத்திரை வைக்கிறார், சாட்சிகளை வைக்கிறார். பத்திரம் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றொன்று திறந்தது. தன் எழுத்தரான நேரியாவின் மகன் பாருக்கிடம் அதை ஒப்படைக்கும்போது அனாமெயேல் பார்க்கிறான், கையெழுத்திட்ட சாட்சிகள் பார்க்கிறார்கள், முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாரும் பார்க்கிறார்கள். நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் வை என்று அத்தனை பேர் முன்னிலையில் பாருக்குக்குச் சொல்கிறார்.

இந்த இரட்டைப் பத்திரம் கற்பனை அல்ல. 1961இல் சாக்கடலுக்கு மேற்கே நகால் ஏவேர் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் யிகாயேல் யாதின் குழுவினர் ஒரு தோல்பையைக் கண்டெடுத்தார்கள். பாபத்தா என்ற யூதப் பெண்ணின் குடும்ப ஆவணங்கள் அதில் இருந்தன. பேரீச்சந்தோப்புகளின் பத்திரங்கள், திருமண ஒப்பந்தம், வழக்கு மனுக்கள். எரேமியாவுக்கு எழுநூறு ஆண்டு பிந்திய காலம் என்றாலும் முறை மாறவில்லை. ஒரே தாளில் ஒரே வாசகத்தை மேலும் கீழும் இருமுறை எழுதுவார்கள். மேல்பகுதியைச் சுருட்டி நூலால் கட்டி மூடுவார்கள், கீழ்ப்பகுதி பார்வைக்குத் திறந்திருக்கும். திறந்த பகுதியில் யாராவது கை வைத்தால் மூடிய பகுதியை உடைத்து ஒப்பிடலாம். அசலும் சரிபார்த்த நகலும் நாம் வைத்துக்கொள்வதில்லையா, அதே ஏற்பாடுதான்.

நான் இவ்வளவு நேரம் நடைமுறையைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்த முற்றத்தில் யாரும் குறுக்குவழி தேடவில்லை. அடுத்த ஆண்டு இந்த நகரத்தில் நீதிமன்றமோ அரசனோ சாட்சிகளோ இருக்கப்போவதில்லை என்பதை எரேமியாவைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. நாற்பது ஆண்டாக அதைத்தான் பிரசங்கித்துவந்தார். அப்படிப்பட்டவர், கர்த்தர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கு ஓர் ஓட்டில் கிறுக்கிக் கொடுத்திருக்கலாம். அவரோ வெள்ளியை நிறுத்தார், சாட்சிக் கையெழுத்து வாங்கினார், நகல் எடுத்தார், எங்கே வைப்பது என்பதுவரை சொன்னார். நாளைக்கு எவனாவது ஒருவன் இதைப் பிரித்து வாசித்துச் சரிபார்ப்பான் என்று நம்புகிறவன் மட்டுமே இப்படிப் பத்திரம் எழுதுவான். வேதம் காட்டும் பொறுமை இதுதான் என்பது என் கட்சி. கண்ணை மூடிக் கைகட்டி உட்கார்வது பொறுமை அல்ல. பலன் எப்போது, யாருக்கு என்று தெரியாத காரியத்தை இன்றைக்கே ஒழுங்காக முடித்துவைப்பது.

எட்டாம் வசனத்தை நின்று வாசிக்க வேண்டும். அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே அவன் வந்து நின்றபோதுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார் எரேமியா. அப்படியென்றால் அதற்கு முன்? முழு நிச்சயம் இல்லாமல்தான் இருந்திருக்கிறார். பெரிய தீர்க்கதரிசிக்கே அந்த நிலை. தெளிவு கிடைத்த பிறகுதான் காலெடுத்து வைப்பேன் என்று வருடக்கணக்கில் ஜெபித்துக்கொண்டிருக்கும் நம் வாலிபர்களிடம் இந்த வசனத்தை யாரும் காட்டுவதில்லை.

சந்தேகம் அதோடு தீர்ந்ததா? இல்லை. பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த கையோடு ஜெபிக்கத் தொடங்குகிறார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று துதியில் ஆரம்பித்து, எகிப்திலிருந்து விடுவித்த கதைக்குப் போய், கடைசியில் மனதில் உள்ளதைப் போட்டு உடைக்கிறார். இதோ, மண்மேடுகள் மதிலுக்கு நேரே எழும்பிவிட்டன. நகரம் அவர்கள் கைக்குப் போகிறது. இந்த நிலையில் காசு கொடுத்து நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். கீழ்ப்படிந்தது முதலில், கேள்வி பிறகு. கையெழுத்துப் போடும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் கை நடுங்குகிற மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கர்த்தர் கொடுத்த பதில் வியப்பானது. முற்றுகை நீங்கும் என்று சொல்லவில்லை. நகரம் எரியும் என்பதை உறுதிப்படுத்துகிறார். அதன் பிறகு, பென்யமீன் நாட்டிலும் எருசலேமின் சுற்றுப்புறங்களிலும் மலைநாட்டிலும் தெற்கிலும் ஜனங்கள் மறுபடி காசு கொடுத்து நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்கிறார். பரலோக வாக்குறுதிகளிலேயே பதிவு அலுவலக வேலை மறுபடி நடக்கும் என்று சொல்லும் வாக்குறுதி இது ஒன்றுதான். என்னைப் போன்றவனுக்கு இது போதும்.

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பும் கர்த்தர்மேல் நம்பிக்கை என்றுதான் பேசியது. சில ஆண்டுகளுக்கு முன், சிதேக்கியாவின் நான்காம் ஆண்டில், கிபியோனைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து நின்றான். இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும். கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்ட அரசனும் ஜனங்களும் திரும்புவார்கள் என்றான். எரேமியா அடையாளமாகத் தன் கழுத்தில் சுமந்திருந்த மரநுகத்தைப் பிடுங்கி, எல்லார் கண்முன்னும் உடைத்தான். கூட்டம் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எரேமியா என்ன செய்தார் தெரியுமா? நுகம் உடையும் முன் அவர் சொன்னது, ஆமென், அப்படியே ஆகட்டும் என்பதுதான். சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை, சொன்னது நடக்கும்போதுதான் நம்ப முடியும் என்று ஒரு வரி சேர்த்தார். நுகம் உடைந்ததும் வாக்குவாதம் செய்யாமல் தன் வழியே போய்விட்டார். பதில் அவருக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்த ஆண்டே ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தான். கொரோனா நாட்களில் இன்ன தேதிக்குள் நோய் ஒழிந்துவிடும் என்று திரையில் வந்து முழங்கியவர்களை நாமும் கேட்டோம். தேதி தாண்டியது, இன்னொரு தேதி வந்தது. அனனியாவின் குறை நம்பிக்கை வைத்தது அல்ல. கர்த்தரின் கையில் இருக்கும் நாட்காட்டியைத் தானே கிழித்துக்கொண்டது.

இரண்டு ஆண்டில் திரும்புவார்கள் என்று அனனியா சொன்ன அதே ஜனங்களுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார். கி.மு. 597இல் அரசன் யோயாக்கீனோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள். சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் கையில் கடிதம் போனது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கும் ஊர் நன்றாயிருக்க ஜெபியுங்கள், எழுபது ஆண்டு ஆகும். இதுதான் சாரம். படித்தவுடன் செமாயா என்பவன் கொதித்துப்போய், இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுவில் மாட்டவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்கு எழுதினான். செமாயாவின் கோபம் எனக்குப் புரிகிறது. எழுபது ஆண்டு என்றால், கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பப்போவதில்லை.

நம் வீட்டுச் சுவர்களில் அதிகமாகத் தொங்கும் வசனம் இந்தக் கடிதத்திலிருந்து எடுத்ததுதான். உங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு என்று கர்த்தர் சொல்லும் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக வரும், காலண்டரில் வரும், காரின் பின்கண்ணாடியிலும் வரும். எழுபது ஆண்டு என்பது அதற்கு நேர்மேலே 10ஆம் வசனத்தில் இருக்கிறது. அதை யாரும் அச்சடிப்பதில்லை. வேலைக்கான உத்தரவு மார்ச்சுக்குள் வந்துவிடும் என்ற பொருளில் 11ஐ வாசிக்கிறோம். எழுதியவர் நினைத்தது பேரப்பிள்ளைகளை. பதிவு அலுவலகத்தில் இந்தக் காட்சி அடிக்கடி உண்டு: மைனர் பேரன் பெயரில், தான் கார்டியனாக நின்று, கைரேகை வைத்து இரண்டு சென்ட் வாங்குவார் ஒரு பாட்டி. அந்த மனையில் தான் குடியிருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். எரேமியாவின் கடிதத்தை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கடிதத்தின்படி ஜனங்கள் நடந்தார்களா என்றால், நடந்ததற்குக் களிமண்ணில் சான்று உண்டு. பாபிலோன் நாட்டில் அல்யகூது, அதாவது யூதாவூர், என்றே பெயர் பெற்ற ஒரு குடியேற்றம் இருந்தது. அங்கும் அக்கம்பக்கத்திலும் எழுதப்பட்ட ஆப்பெழுத்துப் பலகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை 2014இல் பதிப்பிக்கப்பட்டன. மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது, எருசலேம் விழுந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. குத்தகை, வாற்கோதுமைக் கடன், வரி, பாகப்பிரிவினை, சாட்சிப் பெயர்கள் என்று முழுக்க முழுக்க அன்றாட வேலை. கர்த்தரின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய யூதர்கள் அந்த அந்நிய மண்ணில் பேரீச்சை பயிரிட்டு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற சொல்லை நம் சபைகளில் ஆறுதலாகவும் சொல்கிறோம், வாயை அடைக்கவும் சொல்கிறோம். வாய்விட்டு அழுதால் முறுமுறுப்பு என்கிறோம். எரேமியாவைவிட அதிகமாகக் கர்த்தரோடு வழக்காடியவர் வேதத்தில் யோபு மட்டுமே. நீர் எனக்கு வற்றிப்போகும் ஓடையைப் போல ஏமாற்றம் தருவீரோ என்று கேட்டார். என்னை வசப்படுத்தி மோசம் செய்துவிட்டீர் என்றார். பிறந்த நாளைச் சபித்தார். இந்த வரிகளை எல்லாம் வெட்டியெறியாமல் பாருக்கு எழுதி வைத்தார், சபை வேதமென்று ஏற்றுக்கொண்டது. மருத்துவமனை வராந்தாவில் ஆண்டவரே ஏன் என்று கேட்கும் தாயிடம், அப்படிக் கேட்கக் கூடாது அம்மா என்று சொல்லும் உரிமையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

பாருக்குக்கும் ஒரு குட்டி அதிகாரம் உண்டு, 45ஆம் அதிகாரம், ஐந்தே வசனம். இளைப்பாறுதல் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறார். பெரிய காரியங்களை உனக்கென்று தேடாதே, போகுமிடமெல்லாம் உன் உயிரை மட்டும் உனக்குத் தருகிறேன் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பத்திரத்தை ஒருவர் கையில் எடுத்தார். ஜெர்மானிய இறையியலாளர் தீத்ரிக் பொன்ஹோஃபர். 1942 முடிவில், ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராக இயங்கிய தம் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையில் எரேமியா 32ஐ நினைவூட்டினார். அடுத்த மாதமே மரியா ஃபொன் வெடமையரோடு அவருக்கு நிச்சயமானது. 1943 ஏப்ரல் 5இல் கைதாகி, பெர்லினின் தேகல் இராணுவச் சிறையில் 92ஆம் எண் அறைக்குப் போனார். அந்த ஆகஸ்டில் வருங்கால மனைவிக்கு எழுதும்போது மறுபடி அதே ஆனதோத் நிலத்துக்குத்தான் வருகிறார். குண்டு விழும் காலத்தில் நாம் மணம் பேசியது, எதிர்காலத்தின்மேலும் இந்தப் பூமியின்மேலும் வைத்த நம்பிக்கைக்கு அடையாளம் என்ற கருத்தில் எழுதுகிறார். மரியாவும் சும்மா இருக்கவில்லை. வீட்டுச் சாமான்களைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் கடிதங்களில் பேசிக்கொண்டேயிருந்தார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பர்க் முகாமில் பொன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23இல், அமெரிக்கப் படை அந்த முகாமை வந்தடைந்தது. இந்த இரண்டு வாரத்தை விளக்கும் பிரசங்கம் எதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் கடிதங்களைத்தான் வாசிப்பேன்.

எரேமியாவும் தன் நிலத்தை மிதித்ததாகச் செய்தி இல்லை. மதில் விழுந்தபின் பாபிலோன் தளபதி அவரை விடுவித்து, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றான். பாபிலோனுக்கு வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னான். அவர் மிச்சமிருந்த ஏழைகளோடு தங்கினார். அங்கே மிச்சமிருந்தவர்களே பிறகு பயந்துபோய், போகவேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல், அவரையும் பாருக்கையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எகிப்தில் பேசிய வார்த்தைகளோடு அவருடைய வரலாறு நின்றுவிடுகிறது.

கி.மு. 539இல் பாபிலோன் பாரசீக அரசன் கோரேசின் கையில் விழுந்தது. அதன்பின் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் உண்டு. ஞாயிறு பாடத்தில் யாரும் வாசிக்காத, பெயரும் எண்ணுமாக நீளும் அதிகாரம். அதன் 23ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். எரேமியாவைக் கொல்லப் பார்த்த ஊராரின் பேரன்கள் அவர்கள்.

ஆயர்களுக்கும் நாளைய ஆயர்களுக்கும் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நோயாளியின் வீட்டிலும், வேலை போனவன் வீட்டிலும், எப்போது ஐயா சரியாகும் என்று கேட்பார்கள். தேதி சொல்லாதீர்கள். அன்றைக்குச் செய்யவேண்டிய மனுவோ, மருந்தோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ எதுவோ, அதை ஒழுங்காகச் செய்து முடிக்கக் கூட நில்லுங்கள். வருகிற டிசம்பர் 31 நள்ளிரவில் வாக்குத்தத்த அட்டைகளை வழக்கம்போலக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்து பதினான்காம் வசனம்வரை சபையார் கேட்க உரக்க வாசித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.